விண்வெளிக்கு நான் செய்த உதவி

மனிதகுலம் விண்வெளியில் எடுத்துவைத்த முதல் அடிகளில் ஒன்றுக்கு நானும் உதவியிருக்கிறேன். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் என் பெயர் இல்லை. ரகசியம் காக்கச் சொன்னார் சித்தப்பா, காத்துவிட்டேன்.

1957. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் ஜிம்மி என்றொரு நாய் இருந்தது. அதன் கழுத்துப்பட்டையில் ஒரு பித்தளை வில்லை. லைசென்ஸ் வாங்கிய நாய் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வில்லை இல்லாத நாயை நாய் வண்டிக்காரர்கள் சுருக்குப் போட்டுப் பிடித்துப் போவார்கள். போன நாய் எதுவும் திரும்பியதில்லை. ஏன் என்று பெரியவர்கள் சொன்னதுமில்லை.

எனக்கு எட்டு வயது. திருடன் போலீஸ் விளையாட்டில் அபூர்வமாக இன்ஸ்பெக்டர் பதவி கிடைத்தது. இன்ஸ்பெக்டருக்கு பேட்ஜ் வேண்டாமா? ஜிம்மியின் வில்லையைக் கழற்றிச் சட்டையில் குத்திக்கொண்டேன். பதவியை விட மனமில்லாமல் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே போனேன். அன்று மத்தியானம் வண்டி வந்தது.

சாயங்காலம் சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய், இருட்டிய பிறகு தனியாகத் திரும்பினார். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பேப்பரில், ரஷ்யர்கள் ஒரு தெருநாயை ஸ்புட்னிக்கில் ஏற்றி அனுப்பிவிட்டதாகச் செய்தி.

சித்தப்பா விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆகவே மேகத்துக்கு மேலே நடப்பதெல்லாம் அவர் இலாகா.

"டேய், இங்க வா. யாருன்னு பாரு."

படம் கரி அப்பியதுபோல இருந்தது. ஆனால் மடிந்த காது தெரிந்தது.

"நம்ம ஜிம்மியா?"

"பின்ன? வண்டிக்காரன் சும்மாவா புடிச்சினு போறான்? ரஷ்யாக்காரன் ஊர் ஊரா ஆள் வச்சுத் தேடறான்டா."

"பொட்டை நாய்னு போட்டிருக்கே?"

"அச்சுப்பிழை."

"போதும் தம்பி" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் சித்தப்பாவை அதட்டியது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மை பளிச்சென்று புரிந்தது. டவுசர் பையிலிருந்து வில்லையை எடுத்து நீட்டினேன்.

"அப்ப நான் இதைக் கழட்டினதுதான் நல்லதாப் போச்சு, இல்ல சித்தப்பா? இது இருந்திருந்தா ஜிம்மிய விட்டுட்டுப் போயிருப்பான்."

சித்தப்பா அதை வாங்கி, அதிலிருந்த எண்ணை வெகுநேரம் படித்தார். மூன்று இலக்கம்தான்.

"இத யாராண்டயும் சொல்லாத" என்றார் மெதுவாக. "உங்கப்பா கிட்டகூட. அமெரிக்காக்காரன் காதுல விழுந்தா வம்பு."

வகுப்பில், நாய் எங்களுடையது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் தங்கள் தெரு நாயும் ரஷ்யாக்காரன் வைத்த பரீட்சைக்குப் போய் ஃபெயிலாகிவிட்டது என்றார்கள். அந்த நாய் திரும்பி வராது என்று பேப்பரில் வந்தபோது, அன்றைய பேப்பர் யாரும் படிக்குமுன் எங்கள் அடுப்புக்குப் போனது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் சித்தப்பா ஒரு குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் புதுப் பட்டை, புது வில்லை. வில்லையைப் பட்டையோடு சேர்த்து, விமானத்துக்கு அடிப்பதுபோல இரண்டு ரிவெட் அடித்திருந்தார். நானும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

எனக்குச் சித்தப்பாமேல் மனத்தாங்கல்தான். ஜிம்மிக்குக் கிடைத்த வாய்ப்பு இந்தக் குட்டிக்கு மட்டும் கிடைக்கக் கூடாது என்று அவருக்கு ஏன் இத்தனை பிடிவாதம்?