ஒன்பது மணிப் புகை

போன வருடம் மாசி மாதம், மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது இது. எனக்கு வாய் ஜாஸ்தி. தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதை மறைத்து எழுதினால் இதை எழுதவே வேண்டியதில்லை.

காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்து, நாலு மாதத்துக்கு மாடியில் ஒரு கருவி வைக்க இடம் கேட்டாள்.

"செல்போன் டவர் கிவர்னா இப்பவே எறங்கிப் போயிடு" என்றேன்.

"இதுலேர்ந்து எந்தக் கதிரும் வராதுக்கா. சும்மா சூரியனப் பாத்துக்கிட்டு நிக்கும், அவ்ளோதான்."

மூன்று கால் ஸ்டாண்டின் மேல் ஒரு சின்னக் குழாய். காலையில் வெயில் வந்ததும் தானாக விழித்துக்கொள்ளும். தலையைத் தூக்கிச் சூரியனைப் பிடித்து, சாயங்காலம் வரை இம்மி இம்மியாகக் கூடவே திரும்பும். இருட்டினால் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். தாம்பரம் பக்கமிருந்து விமானம் இரைந்துகொண்டு போனாலும் அது சட்டை செய்யாது. துணி காயப்போடப் போகிற நான், ஈரப் புடவையைத் தோளில் போட்டபடி அதையே பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் ஒருநாள் விளக்கினாள். "மேலேர்ந்து வர்ற வெளிச்சத்துல ஒவ்வொரு வாயுவும் தனக்குன்னு ஒரு நிறத்தக் கொஞ்சம் தின்னுடும்க்கா. தூசியும் புகையும் மொத்தமாவே மங்க வச்சிடும். எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு பாத்தா, நடுவுல என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்."

அதற்கப்புறம் எனக்கு வெயில் வெறும் வெயிலாகத் தெரியவில்லை. அவ்வளவு தூரம் வந்து, வழியில் ஆளாளுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மிச்சத்தை என் கையில் வைக்கிற மாதிரி இருந்தது.

அக்கம்பக்கத்தவர்கள் ஒவ்வொருவராக மாடிக்கு வந்து கருவியை வெறித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. மூஞ்சி வரைந்த பூசணிக்காய் ஒன்றை வாங்கிவந்து, துணிக்கொடிக் கம்பத்தின் உச்சியில் கட்டித் தொங்கவிட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் போன் செய்தாள். கருவி எடுக்கிற அளவெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டருக்குத் தானே போய்விடும். "அக்கா, தினமும் காலைல ஒன்பது மணி வாக்குல, கால் மணி நேரம் வெளிச்சம் திடீர்னு கொறையுது. மேகம்னா தினமும் அதே நேரத்துக்கு வராது. பக்கத்துல யாராவது எதையாவது கொளுத்துறாங்களா?"

நான் யோசிக்கவே இல்லை. எங்கள் காம்பவுண்டு சுவர் ஓரம், வேப்பமர நிழலில் பதினோரு வருடமாக ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. ஒன்பது மணிக்குத்தான் வண்டிக்காரர் இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டு விசிறுவார். துணி கொடுக்கிற வீடெல்லாம் இந்தத் தெருவில்தான். இந்த இடம் போனால் அவருக்குப் பிழைப்பு இல்லை. தெரிந்துதான் இறங்கிப் போனேன்.

"வண்டிய எடுய்யா! உன் புகையால ஒரு பொண்ணோட படிப்பே கெடுது."

அவர் விசிறியை நிறுத்தினார். "இன்னா மேடம், பொட்டில கீற கரி பேண்டு மடிப்புக்கே பத்தல. இது போய் சூரியன மறைக்குமா?"

தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதுதான் எனக்கு ஏறிவிட்டது. "நாளைக்கு இங்க நின்னா வண்டி இருக்காது" என்று கத்தினேன்.

மறுநாள் சுவர் ஓரம் காலி. கரி கொட்டிய கறுப்பு மட்டும் தரையில் கிடந்தது. மத்தியானம் போன் வந்தது. "அக்கா, இன்னைக்கும் அதே மாதிரி."

அடுத்த நாள் எட்டரைக்கே மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. எங்கேயும் ஓர் இழை புகை கிடையாது. கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம் மெலிதாக வந்தது. கருவி சூரியனைப் பார்த்தது. நான் கருவியைப் பார்த்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

பின்னாலிருந்த தண்ணீர்த்தொட்டியின் சுவரில் உருண்டையாக ஒரு நிழல் இருந்தது. மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இறங்கி வந்து, ஒரு பூனை மாதிரி சத்தமில்லாமல் அந்தக் குழாயின் மேல் உட்கார்ந்தது.

நிமிர்ந்தேன். வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு, நாக்கை நீட்டியபடி, பூசணிக்காய் என்னைப் பார்த்தது. கருவி மட்டும் தலையைத் திருப்பவில்லை. சூரியன் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். மறைத்தாலும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டு நின்றது.

கயிற்றை அறுத்தேன். அவளுக்குப் போன் செய்தேன். சிரித்துவிட்டு, "புகைன்னே எழுத இருந்தேன்க்கா" என்றாள். அவளாவது எழுதத்தான் இருந்தாள். நான் ஓர் ஆளைத் துரத்தியே விட்டேன்.

மெயின் ரோட்டில், மரமே இல்லாத இடத்தில் அவர் வண்டி நின்றது. மேலே இரண்டே சட்டை. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. "பூசணிக்காய்தான்யா. நான் கட்டினது. வண்டிய எடுத்துக்கினு வா" என்றேன்.

"அதையும் திட்டினியா மேடம், என்னத் திட்டினா மாதிரி?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "தெருவுல நாலு பேரு எதிர்ல பேசினது. அதே நாலு பேரு எதிர்ல சொல்லு. வரேன்."

மறுநாள் ஒன்பது மணிக்கு, வேப்பமரத்தடியில் நின்று, திட்டும்போது என்ன சத்தமோ அதே சத்தத்தில் சொன்னேன். தப்பு என்னுடையது, இந்த இடம் அவருடையது என்று. ஜன்னல்கள் திறந்தன. அவர் வண்டியைச் சுவர் ஓரம் தள்ளி நிறுத்தி, பெட்டியில் கரியைப் போட்டு விசிறினார்.

நாலு மாதம் முடிந்து கருவியை எடுத்துப் போய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் மூன்று தடம் இருக்கிறது. துணி காயப்போடும்போது அதை மிதிக்காமல் நடக்கிறேன். கோபம் இன்னும் வருகிறது. ஆனால் யார் மேலாவது பாய்வதற்கு மாடிப்படி இறங்கும்போது ஒரு நிமிஷம் நின்று, நான் கட்டித் தொங்கவிட்டது ஏதாவது குறுக்கே ஆடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.