வரப்பு தாண்டாத துப்பாக்கி

முதியோர் உதவித்தொகைக்கு, பட்டா மாற்றத்துக்கு, தெருவிளக்குக்கு என்று நான் பிறருக்காக எழுதிக்கொடுத்த விண்ணப்பங்கள் பல. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்குத் திருத்தணி கொடுத்த பணி அது. அவற்றுள் படைக்கலம் வேண்டி எழுதியது ஒன்றே ஒன்று. பிழை செய்ததும் அதில்தான்.

அது என் அக்காளின் கணவருக்காக எழுதியது. வேற்றுச்சொல் கலவாமல் பேசவேண்டும் என்னும் பிடிவாதம் எனக்கு இளமை முதலே உண்டு. ஆயினும் அவரை மட்டும் தெலுங்கில் 'பாவா' என்றே அழைத்தேன். ஒருமுறை 'அத்தான்' என்று அழைத்துப் பார்த்தபோது, "யார கூப்புடுற?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அதன்பின் நான் முயலவில்லை.

ஆந்திர எல்லையை ஒட்டிப் பாவாவுக்கு நான்கு ஏக்கர் நிலம். மூன்று ஏக்கர் தமிழ்நாட்டில். ஒரு வரப்பைத் தாண்டினால் நான்காவது ஏக்கர் ஆந்திரத்தில். மணல் கலந்த செம்மண்ணாகிய அந்த நான்காவதில் வேர்க்கடலை விளைந்ததுபோல மற்ற மூன்றிலும் விளைந்ததில்லை. நகரி மலைப்பக்கமிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகளும் இதை அறிந்திருந்தன. ஈராண்டு தொடர்ந்து, காய் முற்றும் பருவத்தில் வந்து செடிகளைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சென்றன.

"இந்த வாட்டியும் போச்சின்னா அந்த ஒரு ஏக்கர வித்துடணும், சொல்லிட்டேன்," என்றாள் அக்காள் என்னிடம், பாவாவின் காதில் விழும்படி. "வெதக்கடல வாங்கினு வந்து பன்னிக்குப் படையல் போட்டுகினு கீறாரு உன் பாவா."

மறுநாட்காலை பாவா முதற்பேருந்தில் என் வீட்டுக்கு வந்தார். "துப்பாக்கி லைசன்ஸுக்கு எழுதிக் குடு. சுடறதுக்கு இல்ல. மேல பாத்து ஒரு வெடி. பன்னிக்குச் சத்தம் போதும்."

படிவத்தை நிரப்பினால் போதுமாயிருந்தது. நானோ மூன்று பக்க மடல் ஒன்றையும் எழுதி இணைத்தேன். அதை நான் படித்துக் காட்டியபோது பாவா பொறுமையாகக் கேட்டார்.

"இன்னாமோ கோயில்ல மந்திரம் சொல்றா மாதிரி கீது. பன்னின்னு எங்க வருது?"

"காட்டு விலங்குன்னு வருது, பாவா."

"பன்னின்னே எழுது. யானைன்னு நெனச்சிக்கப் போறாங்க."

பிறகு துணிப்பையிலிருந்து நிலத்துக்குரிய தாள்களை எடுத்து வைத்தார். மூன்று ஏக்கருக்குரியவை தமிழில் இருந்தன. நான்காவதற்குரிய பட்டாப் புத்தகம் தெலுங்கில். "இது வேணாம், பாவா. இங்க இத யார் படிப்பாங்க?" என்றேன். "நீ படிச்சவன். சொன்னா சரி," என்று அவர் அதைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். நான் சொன்னது உண்மையன்று. எங்கள் பக்கத்து அலுவலகங்களில் பாதிப்பேருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். என்னுடைய மூன்று பக்கத் தமிழின் பின்னால் அவ்வெழுத்து நிற்பதை என் மனம் விரும்பவில்லை, அவ்வளவே.

கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், பின்னர் திருவள்ளூரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்று ஏழு திங்கள் அலைந்தோம். பாவா மறைந்து மூன்றாண்டு ஆகிவிட்ட இந்நாளில், அந்த அலைச்சலைத்தான் நான் பெரிதும் விரும்பி நினைக்கிறேன். தொடர்வண்டியில் சன்னலோரம் அமர்ந்துகொள்வார். மணவூர் கடக்கும்போது எதிரில் இருப்பவர் எவராயினும், "இங்கெல்லாம் பன்னி வருதுங்களா?" என்று விசாரிப்பார். மருத்துவச் சான்றுக்குச் சென்றபோது எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். "எழுத்து இன்னாத்துக்குங்க? அதுக்கு மேல பல்லி ஒண்ணு கீது, அது வாலே தெரியுது," என்றார். மருத்துவர் சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டார்.

காவல் நிலைய விசாரணைக்குத் தலைமைக் காவலர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். அக்காளைத் தனியே அழைத்து, "வூட்ல சண்ட கிண்ட உண்டாம்மா? கோவக்காரரா?" என்று கேட்டார்.

"கோவமா? நாப்பது வருசமா பாத்துகினு கீறேன், ஒரு நாளாவது வந்தா தேவல."

"முருகனுக்கே கோவம் தணிஞ்ச ஊராச்சேம்மா," என்று எழுதிக்கொண்டு போனார் அவர்.

உரிமம் வந்தது. ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கி, புதுப் பொதட்டூர்பேட்டைக் கைலியில் சுற்றி, பதிவு செய்யக் காவல் நிலையத்துக்கு எடுத்துச் சென்றோம். அதே தலைமைக் காவலர் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

"எங்கயும் தனியா உட்டுட்டுப் போவக்கூடாது, பெரியவரே. யார்கிட்டயும் குடுக்கக்கூடாது. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும்தான் வெச்சிக்கணும்."

"என் நெலம் ஒண்ணு அந்தாண்ட கீதுங்களே. பன்னி வர்றதே அதுலதான். வரப்புலேர்ந்து நாலு அடி."

"நாலு அடியோ நாப்பது மைலோ, அது வேற ஸ்டேட்டு. துப்பாக்கியோட கால வெச்சா கேஸ் ஆயிடும். அங்கயும் நெலம் கீதுன்னு மொதல்லயே காட்டிக் கேட்டிருக்கலாமே? மூணு ஏக்கர்னுதான எழுதிக் குடுத்திருக்கீங்க?"

பாவா என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாமப் பூடுச்சிங்க," என்று மட்டும் சொன்னார். அவர் என்னை ஒரு சொல் ஏசியிருந்தால் வீடு வரும்வரை என்னால் பேச முடிந்திருக்கும்.

புதிய விண்ணப்பத்துக்கு இன்னும் எத்தனை திங்களோ. கடலையோ நாற்பது நாளில் முற்றிவிடும்.

அடுத்த வாரம் நானும் அங்கே சென்று தங்கினேன். விடியற்காலையில் நான்காவது ஏக்கரில் எட்டுப் பன்றிகள் நின்றன. பாவா வரப்பின் இந்தப்புறம் கால் பதித்து நின்று வானை நோக்கி வெடித்தார். அவை ஓடின. இரண்டாம் நாள் நிலத்தின் மறுகோடி வரை ஓடி நின்றன. மூன்றாம் நாள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன. வெடிச்சத்தத்துக்குப் பின்னால் ஆள் வருவதில்லை என்பதைக் கற்றுக்கொண்டன போலும். துப்பாக்கியை வரப்பில் வைத்துவிட்டுத் தடியோடு போகலாமே என்றேன். "தனியா உடக்கூடாதுன்னு படிச்சிக் காட்டனாங்களே," என்றார் பாவா.

அப்போது வரப்புக்கு அப்பாலிருந்து ஒரு குரல் எழுந்தது. பக்கத்து நிலத்துக்காரர் தோளில் தம் துப்பாக்கியோடு நின்றிருந்தார். அது ஆந்திரத்து உரிமம். ஒரு வேப்பமரத்து நிழல் எவர் பயிரின்மேல் விழுகிறது என்பது பற்றிய சண்டையில் அவரும் பாவாவும் நான்காண்டாகப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே அவர் தம் நாயைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "டேய், அண்ணன் துப்பாக்கிக்கு வீசா வரலியாம்டா!"

"சிரிக்கறான் பாரு," என்றார் பாவா என்னிடம். "அவனுக்கு மட்டும் வீசா வந்துச்சா? அவன் எண்பது சென்ட்டு இந்தாண்ட கீது. போன வருசம் அவன் கடலயும் பூடுச்சி. துப்பாக்கிய வெச்சிகினு அங்கயே நின்னு பாத்துகினு இருந்தான்."

"அப்ப அவரு உங்க ஏக்கர காக்கட்டும். நீங்க அவரு எண்பது சென்ட்ட காத்துடுங்க."

"நான் போயி கேக்க மாட்டேன். மொதல்ல அவன் மரத்த வெட்டட்டும்."

ஆகவே நான் வரப்பைத் தாண்டிச் சென்றேன். என்னைக் கண்டதும் அவர், "வாங்க சார். பன்னிக்குத் தமிழ்ல மூணு பக்கம் எழுதனீங்களாமே, ஊரே பேசிகினு கீது," என்றார். நான் மறைக்கவில்லை. தெலுங்குப் புத்தகத்தை வேண்டாமென்று ஒதுக்கியவன் நானே என்று சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின், "எங்க எழுத்து உங்கள இன்னா பண்ணுச்சி சார்?" என்று கேட்டார்.

காவலை மாற்றிக்கொள்ளும் திட்டத்தை மட்டும் சொன்னேன்.

"இத கேக்க வேண்டியவரு நீங்க இல்லயே."

"தப்பு செஞ்சவன் நான். அதனால நான் கேக்கறேன்."

அவர் நாயின் தலையைத் தடவினார். "மரத்த வெட்ட மாட்டேன்."

"வேணாம்."

"அப்ப சரி. நாளைக்கி வரேன்னு சொல்லுங்க."

மறுநாள் விடியலில் அவர் பாவாவின் கடலைக்குள்ளேயே இறங்கி நடந்து வெடித்தார். பன்றிகள் மலையை நோக்கி ஓடியதை நானே கண்டேன். பாவா இந்தப்பக்கத்து எண்பது சென்ட்டைச் சுற்றி வந்தார். இருவர் துப்பாக்கியும் எல்லை தாண்டவில்லை. முதல் வாரம் அவர்களுக்கிடையே வெடிச்சத்தம் மட்டுமே பேச்சு. அங்கே ஒன்று, இங்கே அதற்கு மறுமொழியாக ஒன்று. இரண்டாம் வாரத்தில் அக்காள் தூக்குவாளியில் தேநீர் அனுப்பினாள். தேநீருக்குப் பின் பேச்சு தானே வந்தது. பெரும்பாலும் வசைதான்.

"உன் பன்னி என் பக்கம் வந்துச்சி, ஒழுங்கா காக்கறியா இல்லியா?"

"அது தமிழ்நாட்டுப் பன்னிண்ணா. நடக்கறதப் பாத்தாலே தெரியல?"

அவ்வாண்டுக் கடலை முழுதும் வீடு வந்தது. அக்காள் ஒரு பெரிய குண்டான் நிறைய அவித்து, முதலில் எல்லைக்கு அப்பால் கொடுத்தனுப்பினாள். நிலத்தை விற்பது பற்றி அவள் பிறகு வாய் திறக்கவில்லை.

அறுவடை முடிந்ததும், ஆந்திரத்து நிலத்திலும் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கோரும் புதிய விண்ணப்பத்தை, ஒன்றும் விடாமல், ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். பாவா கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே அதை முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பன்றி என்றே எழுதியிருக்கிறாயே என்று மெச்சினார். கையொப்பமிடப் பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை.

"வேணாம்பா, எடுத்து வெய்யி. இது வந்துட்டா, காலயில அவன் எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறான்?"