அழிச்சாலும் ஒழுகிய கூரை

தேயிலைக் கம்பெனிக்கு பேஸ்புக் பக்கம் பார்க்கிறதுன்னா பாதி நாள் போடுறது, மீதி நாள் அழிக்கிறது. இதே வேலையில மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கேக்காம எடுத்த படம்

இலங்கை மலைநாட்டுல, ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல எனக்கு வேலை. சேர்ந்த புதுசுல மலைக்குப் போய், கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த ராஜேஸ்வரி அக்காவைப் படம் எடுத்தேன். நல்ல வெயில், நல்ல சிரிப்பு. 'எங்கள் மகிழ்ச்சியான குடும்பம்'னு எழுதிப் போட்டதும் வெளிநாட்டுல இருந்தெல்லாம் லைக் குவிஞ்சது. தோட்டத்து மேனேஜர், அதான் எங்க துரை, கூப்பிட்டுப் பாராட்டினாரு. நானும் தலைகால் புரியாம திரிஞ்சேன். மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்துல அக்கா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"ஊரு உலகத்துக்கெல்லாம் என் மூஞ்சியக் காட்டியிருக்கியே புள்ள, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

பேசின் படம்

அந்த வாரம் மழை விடவே இல்ல. நான் போட்ட படத்துக்குக் கீழயே, கமெண்ட்டுல, அக்கா ஒரு படம் போட்டிருந்தாங்க. லயம்னு சொல்ற தொழிலாளர் வரிசை வீட்டுல அவங்க இருக்கிற ஒத்தை ரூம், எங்க பேச்சுல காம்பரா. கூரைத் தகரம் ஓட்டை, ஒழுகுற தண்ணியப் பிடிக்க கட்டில் மேல பேசின், மகளோட பள்ளிக்கூடப் புத்தகமெல்லாம் உரப்பைக்குள்ள. ஒரு வார்த்தை எழுதல.

"கம்பெனி பேரு கெட்டுரும், தூக்கு"ன்னாரு துரை. தூக்கினேன். திரும்பப் போட்டாங்க. திரும்பவும் தூக்கினேன். மூணாவது தடவை அக்காவையே பிளாக் பண்ணிட்டேன். நானும் லயத்துல பொறந்தவதான், சொல்லவே வெக்கமா இருக்கு. பாதையில பார்த்தப்ப அவங்க கோவப்படக்கூட இல்ல.

"படத்த அழிச்சிட்ட, சரி. ஒழுகுறதையும் அப்படியே அழிச்சுக் குடு புள்ள."

நடுவுல மட்டும் புதுத் தகரம்

நான் அழிக்கிறதுக்கு முந்தியே, எங்க தேயிலை வாங்குற வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் அந்தப் படத்த சேமிச்சு வச்சுட்டாரு. 'சிரிக்கிற அந்த அம்மா குடியிருக்கிறது இந்த வீட்டுலயா?'ன்னு கொழும்பு ஆபீசுக்கே எழுதிட்டாரு. அவ்வளவுதான், ரெண்டே நாள்ல தகரம் வந்துருச்சு. அதுவும் அக்கா காம்பராவுக்கு மட்டும்! லயத்துல பன்னண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை. நடுவுல ஒரு துண்டு மட்டும் மாத்தினா, இங்க வடிய வேண்டிய தண்ணியும் பக்கத்து காம்பராவுல இறங்காதா? அங்க புள்ள பெத்து பத்து நாள்கூட ஆகாத பச்ச ஒடம்புக்காரி படுத்திருந்தா.

புதுத் தகரத்துக்குக் கீழ அக்காவை நிக்க வச்சுப் படம் எடுத்துட்டு வரச் சொன்னாரு துரை. இல்லாட்டி எனக்கு வேலை இல்லயாம். அக்காகிட்ட அதையும் சொல்லி, எடுக்கலாமான்னு கெஞ்சிக் கேட்டேன்.

"உன் பொழப்புல மண்ணப் போட மாட்டேன். பன்னண்டு காம்பராவுக்கும் போடச் சொல்லு, அப்புறம் எத்தனை படம் வேணும்னாலும் எடுத்துக்க."

அதை அப்படியே போய்ச் சொன்னேன். துரை கத்தித் தீர்த்தாரு. ஆனா அந்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பணும்னு கொழும்புல இருந்து "படம் எங்க, படம் எங்க"ன்னு தினமும் போன். மாசம் முடியறதுக்குள்ள லயம் முழுக்கத் தகரம் ஏறிருச்சு.

பன்னண்டு காம்பராவுக்கும் தகரம் போட வச்சது கம்பெனிக்கு வந்த பயம், அதுக்கு 'அக்கறை'ன்னு பேரு வச்சு பேஸ்புக்ல எழுதினது நான்.