டேப்பில் விழுந்த இடி

பதினோரு நாள், மத்தியானத்தில் எங்கள் வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. யாரும் என்றால் நான்தான். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அறுபத்தேழு வாக்கில்.

அவர் சிங்கப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். கடை அடைத்த பிறகு நாலு கூட்டாளிகளோடு கிடார் வாசிப்பார். பாட்டுக் கிடையாது, வெறும் வாசிப்பு. கடல் அலைமேல் பலகை போட்டு நின்று வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட வாசிப்பாம். பெர்மிட் முடிந்து ஊருக்கு வரும்போது மற்றவர்கள் சேலையும் தைலமும் கொண்டுவருவார்கள். இவர் கரண்ட் கிடார் ஒன்றும், அதற்கு ஒரு பெட்டியும், ஒரு டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்தார். எனக்கு ஒரு குடை.

கிடாரைத் தட்டினால் சத்தம் அந்தப் பெட்டியில்தான் வரும். முன்பக்கம் துணி போட்டிருக்கும். நல்ல கனம். இப்போது அது பினாங்கில் யார் வீட்டில் கிடக்கிறதோ. அவர் பிற்பாடு பினாங்கு போய் ஊருக்குத் திரும்பி வந்தபோது அதைக் கொண்டுவரவில்லை.

ஒருநாள் அதன் பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். அடியில் ஒரு தகரத் தட்டு. அதில் இரண்டு ஸ்பிரிங். பேனாவுக்குள் இருக்குமே, அதை ஒரு முழத்துக்கு இழுத்துக் கட்டின மாதிரி.

"கம்பியத் தட்டுனா சத்தம் இதுக்குள்ள போயி, அந்தக் கடைசில முட்டித் திரும்பி வருது புள்ள. போயிட்டு வரக் கொஞ்சம் நேரமாகுதுல்ல, அதுதான் காதுக்குத் தண்ணி மாதிரி இருக்கு."

இருந்தது. கம்பியைக் கையால் அமுக்கிக்கொண்டு தட்டினால் ஆழக் கிணற்றில் சொட்டு விழுந்த மாதிரி கேட்கும். நான் அதுவரை கடல் பார்த்ததில்லை.

ஊரில் மறுபடியும் ஒரு ஜவுளிக்கடையில்தான் நின்றார். காலையில் போய் ராத்திரி வருவார், மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒருதடவை. பேச்சு குறைந்துபோனது. அப்போதுதான் கூட்டாளி ஒருத்தரிடமிருந்து கடுதாசி வந்தது. பினாங்கில் ஒரு ஓட்டலில் கிடாருக்கு ஆள் தேடுகிறார்கள். முதலாளி வாசிப்பைக் கேட்டுத்தான் எடுப்பார். டேப்பில் பிடித்து அனுப்பு. இந்த மாதக் கடைசிக்குள் தபாலில் போட்டுவிடு, பிந்தினால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். இதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் நல்லது என்றேன்.

மத்தியான லுகர் தொழுகை முடிந்து தெரு அடங்கிய பிறகு பிடிப்போம். சாயங்கால அஸர் பாங்குக்குள் முடிக்கணும், அவரும் கடைக்குத் திரும்பணும். மைக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம் காய்ந்துபோய் வந்தது. தள்ளி வைத்தால் தெருவில் போகிற ஆடு வந்தது. அதையெல்லாம் சரிசெய்யலாம். ஸ்பிரிங்கைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. தரை கொஞ்சம் அதிர்ந்தால் போதும், இரண்டும் ஒன்றில் ஒன்று மோதிக்கொள்ளும். பெட்டிக்குள் இடி இடிக்கும். சின்ன இடி இல்லை, ஐப்பசி மாதத்து இடி.

முதல்நாள் உலை பொங்கிவிட்டது என்று ஓடினேன். இடி. அடுத்த நாள் பக்கத்து வீட்டு லாத்தா மாவு இடித்தார். என் வீட்டுக்காரர் போய்க் கேட்டுக்கொண்டதில் லாத்தா உலக்கையைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். ஆனால் என்னைப் பார்த்தால் சும்மா விடமாட்டார்.

"எங்க உலக்கைய நிப்பாட்டிப்புட்டு உங்க வீட்டுல மட்டும் இடி இடிக்குது. மழையத்தான் காணோம். அதையும் சிங்கப்பூர்லேருந்து வரச்சொல்லு."

எட்டாம் நாள் எல்லாம் கூடி வந்தது. கரண்ட் இறங்கவில்லை. ஆடு இல்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டேன். அவர் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு ஒன்றாகப் புரண்டு வந்தது. இது போனால் இவரும் போவார் என்று தெரிந்தது.

ஒரு டம்ளரில் தண்ணீர் மோந்தேன். கூடத்துக்கு நடந்தேன். குதிகாலை ஊன்றி நடந்தேன்.

இடி விழுந்தது. அவர் கை நின்றது. டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

"யாரு, நீயா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வா" என்றார்.

டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தண்ணி நான் கேக்கலயே புள்ள."

அவர் எடுத்துக் குடித்தார்.

அப்புறம் கிடார் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டார். இரண்டு நாள் எடுக்கவில்லை. வந்தார், சாப்பிட்டார், மீன் ஆணம் நன்றாயிருக்கிறது என்றார், கடைக்குப் போனார். ஏசியிருந்தால் நானும் வீம்பாக இருந்திருப்பேன். சாப்பிடும்போது அவர் இடது கையைப் பார்த்தேன். தொடையில் நாலு விரலும் கம்பி அமுக்கிக்கொண்டிருந்தன. அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஆத்தங்குடிக்கு பஸ் ஏறினேன். என்னைப் பெற்ற அத்தாவுக்கு அங்கே தரையில் பதிக்கிற பூக்கல் போடுகிற பட்டறையில் வேலை. கண்ணாடிமேல் அச்சு வைத்துச் சாயம் ஊற்றித்தான் கல் எடுப்பார்கள். வேலை இல்லாத நேரம் கண்ணாடிகளை மணல்மேல்தான் படுக்கவைப்பார்கள். பக்கத்தில் சிமெண்டு மூட்டையைத் தொப்பென்று போட்டாலும் மணலில் கிடக்கிற கண்ணாடி நடுங்காது. சின்ன வயதில் அங்கே மணல் சலித்திருக்கிறேன். அத்தாவிடம் அரைச் சாக்கு சலித்த மணல் கேட்டேன். எதுக்கு என்றார். பெட்டிக்கு என்றேன். மேலே கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதிகம் கேட்கமாட்டோம்.

காரைக்குடிக்குத் திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தொட்டுப் பார்த்தார்.

"மண்ணா? ஏம்மா, காரைக்குடில மண்ணுக்கா பஞ்சம்?"

சிரித்தார்கள். நான் சாக்கைக் காலுக்கு இடையில் இழுத்துக்கொண்டேன்.

கூடத்தில் பழைய சாக்கை விரித்து நாலு விரல் உயரத்துக்கு மணலைக் கொட்டிப் பரப்பினேன். லாத்தாவும் நானுமாகப் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தோம். அவர் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கரண்ட் போட்டு நடந்து பாருங்க" என்றேன்.

நடந்தார். ஒன்றும் இல்லை. ஓங்கி மிதித்தார். பெட்டி அடித்தொண்டையில் கொஞ்சம் முனகிவிட்டு அடங்கியது. அவர் மணல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு பிடி அள்ளி விரல்வழியாக விட்டார்.

"நீ ஏம் புள்ள இதச் செஞ்ச?"

"நீக போகணும்ல."

"போகணுமா?"

"போயிட்டு வரணும்."

தலையாட்டினார். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

மைக்குக்கும் இடம் கிடைத்தது. உத்தரத்தில் தொட்டிலுக்கு என்று அடித்த கொக்கி ஒன்று சும்மா கிடந்தது. அதில் என் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி மைக்கைத் தொங்கவிட்டார். பெட்டிக்கு இரண்டு முழம் தள்ளி, கொஞ்சம் மேலே. அங்கே வைத்தால் கம்பிச் சத்தமும் வந்தது, அது போயிட்டு வருகிற சத்தமும் வந்தது. நான் அடுப்படிக்குப் போக எழுந்தேன். இங்கேயே இரு என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண்ணாடி வளையல் சத்தம் போடுமே என்று முழங்கை வரை ஏற்றி இறுக்கிக்கொண்டேன். இரண்டு வாசிப்பு. முடியும் வரை ஆடாமல் இருந்தேன். வளையல் தடம் சாயங்காலம் வரை கையில் சிவப்பாகக் கிடந்தது.

அந்த டேப்பில் நான் இல்லை. ஒரு மூச்சுக்கூட இல்லை. அது பினாங்குக்குப் போனது. வரச்சொல்லிப் பதில் வந்தது.

ஸ்டேஷனில் ரயில் நகரும்போது போயிட்டு வாரேன் என்றார். எல்லாரும் சொல்கிறதுதான். நான் அதை இரண்டாகக் கேட்டேன், போயிட்டு ஒன்று, வாரேன் ஒன்று.

பெட்டி அவரோடு போனது. ரிக்கார்டரை எனக்கு விட்டுப்போயிருந்தார். மணலை நான் அள்ளவில்லை. பெட்டி இருந்த தடம் நாலு மூலையும் தெரிய அப்படியே இருந்தது. சுற்றித்தான் பெருக்குவேன். ஒருநாள் எட்டாம் நாள் பிடித்த டேப்பைப் போட்டுக் கேட்கலாம் என்று தேடினேன். அதில் அவர் குரல் இருக்கிறதே. டிரங்குப் பெட்டி, அலமாரி, பரண் எங்கும் இல்லை. கெட்டுப்போன டேப் என்று அழித்திருப்பார், அதன்மேலேயே நல்லதைப் பிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அழித்தது சரிதான் என்றும் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடுதாசி வந்தது. சாப்பாடு பரவாயில்லை, ஓட்டல் கடலைப் பார்த்து இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: இடி விழுந்த டேப்பைத் தேடியிருப்பாய். அது என்னிடம் இருக்கிறது. ஓட்டலில் ஒரு ரிக்கார்டர் உண்டு. ஆள் இல்லாத நேரம் போட்டுக் கேட்கிறேன். நீ நடந்து வருகிறாய்.

நானே பதில் எழுதினேன். ஐந்தாவது படித்த எழுத்து. எல்லாரும் சுகம். இங்கே இன்னும் மழை இல்லை. லாத்தா உங்களைக் கேட்டார். மூன்று வரியில் முடிந்துவிட்டது. கீழே பாதித் தாள் வெறுமையாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினேன்.

அன்றைக்கு நீங்கள் தண்ணீர் கேட்கவில்லைதான்.