காயாத கறுப்பு வேட்டி

கார்த்திகை பதினெட்டாம் தேதி. விடியுமுன் எழுந்து, குளித்து, சரணம் சொல்லி விளக்கேற்றினேன். சபரிமலைக்கு முதல் முறையாக மாலை போட்டிருந்தேன். துவைத்த கறுப்பு வேட்டியைக் கட்டித்தான் பூஜையில் நிற்க வேண்டும். என்னிடம் இருந்தவை மூன்று. எதுவும் காய்வதாக இல்லை. மணமேல்குடியில் ஒரு வாரமாக வெயிலே இல்லை, மழை மட்டும்தான். மழை விட்ட நேரத்திலும் கடற்காற்றில் கொடித்துணி பிசுபிசுத்தது. ஈரத்தோடு கட்டிக் கட்டி எனக்குத் தும்மல் பிடித்திருந்தது. காய்ச்சல் வந்தால் பயணமே போய்விடும்.

சாயங்காலம் மறுநாளைக்கான வேட்டியை அயர்ன் பாக்ஸால் தேய்த்துக் காயவைக்கப் பார்த்தேன். ஒரு ஓரம் சூடானதும் கரண்ட் போய்விட்டது. அயர்ன் பாக்ஸை மேசையில் ணங்கென்று வைத்தேன்.

"கோவப்படக் கூடாது சாமி," என்றாள் மனைவி. மாலை போட்டதிலிருந்து அவளுக்கும் நான் சாமிதான். "இப்பக் கட்டியிருக்கிறதையே நாளைக்கும் கட்டுங்களேன். இடுப்புச் சூட்டுல அதாவது காஞ்சிருக்கு."

"துவைக்காமயா?"

"அப்பத் தும்முங்க."

எங்களை மலைக்கு அழைத்துப் போகும் குருசாமிக்குப் போன் செய்து புலம்பினேன். அவர் சிரித்தார்.

"மலையில நனைஞ்சுக்கிட்டேதானே சாமி ஏறப்போறீங்க? இங்கிட்டு வேட்டி காயலைன்னு அழுவுறீங்க!"

எரிச்சலில் சரணம் சொல்லாமலே போனை வைத்தேன்.

மறுநாள் காலை குளித்ததும் முதல் வேலையாக, துவைத்த வேட்டியை இன்னொரு முறை முறுக்கிப் பிழிந்து, ஈரத்தோடு கட்டிக்கொண்டு, தும்மியபடியே விளக்கேற்றினேன்.