நான் அழித்த போல்டர்

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பொம்மைக் கம்பெனியின் லினக்ஸ் கணினியில், பழைய லேபிள் மென்பொருளை நீக்கவே முடியவில்லை. புதியதையும் அது ஏற்றவிடவில்லை. லேபிள் இல்லாமல் பெட்டிகள் லாரி ஏறாமல் கிடந்தன. ஆத்திரத்தில் முதலாளியிடம், "எனக்கு முன்ன இந்த வேலையில இருந்த பாத்திமா அரைகுறையா போட்டுட்டுப் போயிட்டாங்க சார்" என்றேன். மங்கலம்பேட்டையில் இருந்த பாத்திமாவுக்கே போன் போட்டும் கத்தினேன்.

"அந்த சாப்ட்வேர் இருந்த போல்டர நீங்க கையால அழிச்சீங்களா சார்?" என்று கேட்டார்.

"ஆமா. இடத்த அடைச்சுக்கிட்டு இருந்துது."

"அந்த சாப்ட்வேர எடுக்கறதுக்கான பைலும் அதுக்குள்ளதான் சார் இருக்குது. பழசையே மறுபடி இன்ஸ்டால் பண்ணிட்டு, அப்புறம் முறையா எடுங்க."

அப்படியே செய்தேன். சரியாகிவிட்டது.

முதலாளியிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. இப்போதும் கணினி மக்கர் பண்ணினால், "பாத்திமா போட்டதா?" என்கிறார். வாயைத் திறக்காத என்மேல்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது.