காளிதாசனுக்கு வைத்த தண்ணீர்

லூனாஸ் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் கடைசி வீடு நவமணியுடையது. பின்சுவரைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம்தான். பாதி ஆயுள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள்; மீதியைக் கையுறைத் தொழிற்சாலையில் நின்றே கழித்தாள். லேசில் ஏமாறுகிற ஆளில்லை. பசார் சந்தையில் மீன்காரன் தராசைத் தொடும்போது அவள் மீனைப் பார்க்கமாட்டாள், அவன் விரலைத்தான் பார்ப்பாள். ஆனால் செத்துப்போன புருஷன் காளிதாசன் பேச்சை எடுத்துவிட்டால் மட்டும் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

காளிதாசன் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் பழுதாகி இறந்தார். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஒரே ஒரு மொடக்கு, நவம்" என்று அவர் கெஞ்சுவார். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் இப்போது தினமும் காலையில் அவர் படத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிளாஸில் ததும்பத் ததும்பத் தண்ணீர் வைக்கிறாள். செத்த பிறகு கொடுத்து என்ன பிரயோசனம் என்று அவளுக்கே தோன்றும். வைக்காமலும் இருக்க முடியவில்லை.

அன்று மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தோளில் பையோடு கிரில் கதவுக்கு வெளியே ஒருவன் நின்றான். பெயர் லோகன் என்றான்.

"ஆன்டி, தண்ணி செக் பண்ண வந்திருக்கேன். ஃப்ரீதான்லா."

அட்டையைப் பார்த்துத் தண்ணீர் ஆபீஸ் ஆள் என்று நினைத்துத் திறந்துவிட்டாள். உள்ளே வந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலை இறக்கினான்.

"இந்த வீட்டுல தண்ணியால ஒருத்தர் போயிருக்காரு. கிட்னிதானே, ஆன்டி?"

அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆள் செத்துப்போனதைப் படம் சொல்லும். எதனால் செத்தார் என்று எந்தப் படம் சொல்லும்?

அவள் தடுப்பதற்குள் படத்துக்கு முன்னால் இருந்த கிளாஸை எடுத்துவிட்டான். பக்கத்தில் இன்னொரு கிளாஸ் வைத்துத் தன் பாட்டிலிலிருந்து ஊற்றினான். "இது எங்க ஃபில்டர் தண்ணி." கம்பிகள் நீட்டிய ஒரு பெட்டியை இரண்டின் மேலும் வைத்து சுவிட்சைப் போட்டான்.

பெட்டி மெல்ல முனகியது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காளிதாசனின் கிளாஸில் கம்பியைச் சுற்றி மஞ்சள் படர்ந்தது. பழுப்பானது. கடைசியில் கன்னங்கரேலென்று ஏதோ ஒன்று திரண்டு மேலே வந்து பாலாடை மாதிரி மிதந்தது. பக்கத்துக் கிளாஸ் அப்படியே தெளிவாக இருந்தது.

"இதத்தான் ஆன்டி இத்தன வருஷமா குடுத்திருக்கீங்க."

கெஞ்சக் கெஞ்ச அளந்து கொடுத்த ஒவ்வொரு மொடக்கும் அவள் நெஞ்சுக்குள் இறங்கியது. படத்திலிருந்து காளிதாசன் அந்தக் கிளாஸையே பார்ப்பது போலிருந்தது.

"அப்ப நாந்தான் கொன்னுட்டேனா?"

மனுஷனாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பான். இந்தப் பாவி தலையைக் குனிந்துகொண்டு, "இன்னிக்கு ஃபில்டர் எடுத்தாதான் இந்த விலை, ஆன்டி" என்றான்.

விலை எதுவும் அவள் காதில் ஏறவில்லை. வீட்டுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று மட்டும் பட்டது. அடுப்படிக்குப் போய்க் கை நிறைய உப்பு அள்ளி வந்தாள். தன் தலையைச் சுற்றி எடுத்தாள், மூன்று தரம் துப்பினாள். திருஷ்டி கழித்த உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கறுத்துக் கிடந்த கிளாஸைத் தொட மனம் வரவில்லை. தெளிந்திருந்த கிளாஸில் போட்டுவிட்டாள்.

"ஐயோ ஆன்டி, அதுல போடாதீங்க!"

சுவிட்ச் இன்னும் அணைக்கப்படவில்லை. தெளிந்த தண்ணீர் நுரைத்தது, மஞ்சளித்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் கிளாஸைவிடக் கேவலமாகக் கறுத்தது. சுவிட்சை நோக்கி நீண்ட அவன் மணிக்கட்டை நவமணி பிடித்துக்கொண்டாள். பால் வெட்டிய கை. லேசில் விடாது.

"ஒன் தண்ணி ஏன்டா கறுத்துச்சு?"

மழை பிடித்துக்கொண்டது. அவன் கையை இழுத்துப் பார்த்தான்.

"கம்பிதான் ஆன்டி கரையுது. உப்புச்சத்து இருந்தா எந்தத் தண்ணியும் இப்படித்தான் ஆவும். ஃபில்டர் தண்ணியில அது இருக்காது, பைப்புத் தண்ணியில கொஞ்சம் இருக்கும். அது கெடுதல் இல்ல."

"கிட்னின்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு சந்திரிகாக்கா. பேச்சுவாக்குல."

அவள் அவன் கையை விட்டாள். அவன் அவசர அவசரமாகப் பெட்டியைப் பையில் திணித்துக்கொண்டு திரும்பியபோது கிரில்லுக்குக் குறுக்கே நின்றிருந்தாள்.

"நாந்தான் கொன்னேனான்னு கேட்டேன். இல்லன்னு சொல்லலயே நீ. இப்ப சொல்லு."

"சாரி ஆன்டி. உங்களால இல்ல."

"எங்கிட்ட இல்ல. அவருகிட்ட சொல்லு."

லோகன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. படத்தின் பக்கம் திரும்பினான். நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது அவனுக்கு.

"அங்கிள்... தண்ணியில ஒண்ணும் இல்ல. ஆன்டி உங்களுக்கு நல்ல தண்ணிதான் குடுத்தாங்க."

நவமணி கிரில்லைத் திறந்துவிட்டாள். அவன் மழையில் ஓடினான். காளிதாசன் இறந்த அன்றுகூட வாய்விட்டு அழாதவள், அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.